எந்தக் கரையில் நின்று எடுப்பது

மட்டக்களப்புக்கு முதன்முதலாக வருகிறவர் எப்படியும் ஒரு மாலையில் கல்லடிப் பாலத்தில் வந்து நிற்பார். பிரிட்டிஷ் ஆட்சியில், 1920களில் கட்டி, ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரைச் சூட்டிய இரும்புப் பாலம் அது. 2013இல் பக்கத்திலேயே அகலமான புதுப் பாலம் திறந்த பிறகு பழைய பாலத்தில் நின்று காற்று வாங்குவது சுலபமாகிவிட்டது. சூரியன் பாலத்துக்குக் கீழே விரியும் மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் இறங்குகிற நேரம். ஒரு தோணி, அதில் எழுந்து நிற்கும் ஒருவர், அவர் கையிலிருந்து விரிந்து போகும் வீச்சுவலை, எல்லாம் கன்னங்கரேலென்று. பின்னால் செம்மஞ்சள் வானம். பாலத்தில் நிற்கிற அத்தனை பேரின் கைத்தொலைபேசியும் அந்தப் பக்கம் திரும்பும். நாட்காட்டியிலும் சுற்றுலாப் பதாகையிலும் இந்த ஊர் என்றால் அந்தப் படந்தான். இங்கே சினிமா எடுக்கப் பழகுகிற ஒரு மாணவருக்குத் தன் முதல் குறும்படத்தை அதிலேயே தொடங்க ஆசை வருவது இயல்பு. அழகான படந்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் இருக்கிற மனிதருக்கு முகம் இல்லை. அவர் களைத்துப் போயிருக்கிறாரா, வலையில் ஏதும் பட்டதா, இன்றைக்கு இதுதான் கடைசி வீச்சா என்று அந்தப் படத்தைப் பார்த்து ஒன்றும் அறிய முடியாது. அதில் ததும்புகிற உணர்ச்சி முழுவதும் பாலத்தில் நின்று பார்க்கிறவருடையது.

இதற்குக் காரணம் பூகோளம். வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கமிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடற்கரையை ஒட்டியே கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடப்பது எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. நகரம், பெரிய பாடசாலைகள், கல்முனைக்குப் போகும் பிரதான வீதி, இசையும் நடனமும் நாடகமும் கட்புலக் கலையும் கற்பிக்கிற கல்லடி சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் எல்லாம் கிழக்குப் பக்கம். ஆகவே கமரா வைத்திருக்கிறவர் பெரும்பாலும் கிழக்கே நிற்கிறார். வேலை, வகுப்பு முடிந்து அவருக்கு நேரம் கிடைப்பது மாலையில். மாலைச் சூரியனோ மேற்கே. எனவே படுவான்கரை மனிதர் சூரியனுக்கு முன்னால் நிற்கும் நிழலுருவாகவே படத்தில் விழுகிறார். அதே மாலையில் வாவியைக் கடந்து அந்தப் பக்கம் போய், கிழக்கே பார்த்தபடி நாம் இருக்க, அவர் மேற்கே பார்த்து நின்றால், வெளிச்சம் நெற்றியிலிருந்து தாடைவரை அவர் முகத்தில் விழும். ஷொட்டும் கோணமும் உணர்ச்சியை எப்படிச் சொல்லும் என்று மாணவர்களுக்குச் சொல்லித்தர நூல்கள் ஏராளம். அவை கேட்காத முதற் கேள்வி ஒன்று உண்டு: உணர்கிறவர் எங்கே இருக்கிறார், பார்க்கிறவர் எங்கே போய் இருக்கப் போகிறார்? கோணம் என்பது அதற்குக் கிடைக்கும் விடை. இந்த வாவியின் இரண்டு கரைகளையும் சுற்றி வருகிறவருக்கு அது வெளிச்சமாகவே தெரியும் என்பதுதான் என் வாதம்.

நூல்கள் தரும் பட்டியல் எல்லோருக்கும் தெரிந்தது. கீழ்க்கோணம் என்றால் அதிகாரம், மேற்கோணம் என்றால் பலவீனம், அண்மைக்காட்சி உணர்ச்சிக்கு, தூரக்காட்சி தனிமைக்கு, கமராவைச் சாய்த்தால் மனக்குழப்பம். இந்தச் சமன்பாடுகள் பிறந்த சினிமாவிலேயே அவை நிற்கவில்லை. ஓர்சன் வெல்ஸ் 1941இல் எடுத்த ‘சிற்றிசன் கேன்’ படத்தில் மிகத் தாழ்ந்த கீழ்க்கோணம் வரும் இடம் எது? தேர்தலில் தோற்று, மானம் போய், வெறிச்சோடிய அலுவலகத்தில் கேன் தன் பழைய நண்பன் முன்னால் நிற்கும் காட்சி. கமராவை அவ்வளவு கீழே இறக்க ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டுக்காகத் தரையையே வெட்டினார்கள். கீழிருந்து பார்க்கும்போது கேன் பெரிய ஆளாகத்தான் தெரிகிறான். ஆனால் அவன் தலைக்கு மேலே உத்தரமும் கூரையும் அழுத்துகின்றன. அந்தப் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அதிகாரத்தின் கோணம் என்று மனப்பாடம் செய்தது அங்கே தோல்வியின் கோணம். அதையே மட்டக்களப்பில் செய்து பாருங்கள். இது தட்டையான நாடு. வயலிலோ வாவிக் கரையிலோ நிற்கிற ஒருவரைத் தரையிலிருந்து அண்ணாந்து எடுத்தால் அவருக்குப் பின்னால் உத்தரம் இல்லை, மாடி இல்லை, மலையும் இல்லை, வெறும் வானம். அவர் வலியவராகத் தெரிய மாட்டார். ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் பிய்த்தெடுத்து வானத்தில் ஒட்டியவரைப்போலத் தனித்துத் தெரிவார். தனிமைதான் வேண்டுமென்றால் நல்லது. பண்ணையாரின் திமிரைக் காட்ட நினைத்து அந்தக் கோணத்தை வைத்த மாணவருக்குக் கிடைப்பது வேறு ஏதோ.

கோணத்தையும் உயரத்தையும் ஒன்றாகக் குழப்புவது இன்னொரு வழக்கம். யப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் கமரா தாழ்ந்தே இருக்கும். ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953) அதற்குப் பெயர்போன படம். ஆனால் அது அண்ணாந்து பார்க்காது. பாயில் இருக்கிறவரின் மட்டத்தில் தானும் இருந்து நேரே பார்க்கும். வாவிக்கரைக் கிராமங்களில் வாழ்க்கையின் பெரும்பகுதி தரையோடு நடப்பது. பன்பாய் இழைக்கிற பெண் தரையில் இருக்கிறார். வலை பொத்துகிறவர் மணலில் காலை நீட்டி இருக்கிறார். விறாந்தையில் கதைத்துக்கொண்டிருப்பவர்களும் நிலத்தில்தான். மாணவர் நின்றபடி, நெஞ்சு உயரத்தில் கைத்தொலைபேசியைப் பிடித்து எடுக்கிறார். அவர் எண்ணாமலேயே அது மேற்கோணம் ஆகிவிடுகிறது. பாய் இழைக்கிறவரின் உச்சந்தலையும் குனிந்த முதுகும் மட்டும் தெரிகிறது. விரல்கள் பன்னை மடித்துக் கோர்க்கும் வேகமும், கண் அதைப் பார்க்காமலே வாசலைப் பார்க்கும் பழக்கமும் தெரியவில்லை. படத்தைப் பார்க்கிறவர் ‘ஐயோ பாவம்’ என்பார். அந்தப் பெண்ணிடம் பாவம் ஒன்றும் இல்லை. தன் தொழிலில் கைதேர்ந்தவர் அவர். இரக்கம், படமெடுத்தவர் குந்தி இருக்கச் சோம்பல்பட்டதால் வந்தது.

இதற்கு ஆசிரியர்கள் சொல்லும் ஆட்சேபத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. தொடங்குகிற பிள்ளைக்கு ஒரு பிடிமானம் வேண்டும், முதலில் விதியைக் கற்கட்டும், பிறகு மீறட்டும் என்பார்கள். பார்வையாளரும் தமிழ்நாட்டுப் படங்களைப் பார்த்துப் பழகியவர்கள். கதாநாயகன் கால் மண்ணில் ஊன்றும்போது கமரா கீழேதான் இருக்கும் என்று அவர்கள் கண் ஏற்கெனவே படித்துவிட்டது, அந்த மொழியில் பேசினால்தானே புரியும் என்றும் கேட்பார்கள். இரண்டாவது கேள்வியில் உண்மை உண்டு. ஒரு கோணத்தின் பொருளில் பாதி, பார்க்கிறவரின் பழக்கத்திலிருந்து வருகிறது. ஆனால் அந்தப் பழக்கம் கோணத்தை மட்டும் வைத்து உண்டானதல்ல. அதற்கு முந்திய காட்சியில் அவன் அடி வாங்கியதும், அடுத்த காட்சியில் எதிரி பின்வாங்குவதும், பின்னணி இசையும் சேர்ந்து கொடுத்த பொருள் அது. அவ்வளவையும் விட்டுவிட்டுக் கோணத்தை மட்டும் கடன் வாங்கினால் பார்வையாளருக்கு நினைவுக்கு வருவது வேறொருவரின் படம். பிடிமானம் பற்றிய கேள்விக்கு என் பதில்: பிடிமானம் வேண்டும்தான், அது பட்டியலாக இருக்க வேண்டியதில்லை. ‘இவர் எந்த உயரத்தில் வாழ்கிறார், இவரோடு கதைக்க வந்தவர் எங்கே இருப்பார், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது’ என்ற மூன்று கேள்விகளைப் பதினாறு வயதுப் பிள்ளையும் கேட்கலாம். அவை விதியைவிடக் கடினமானவையும் அல்ல.

சாய்ந்த கோணத்துக்குக் கல்லடிக் கடற்கரையே ஒரு பாடம் வைத்திருக்கிறது. அங்கே திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் 2004 டிசம்பர் 26 சுனாமியில் சரிந்து, சரிந்தபடியே நின்றுவிட்டது. அந்த அலை எடுத்துப்போன உயிர்கள் கல்லடியிலும், கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிற நாவலடியிலும் ஏராளம். அந்தக் கோபுரத்தை எடுக்கிற மாணவர், குழப்பத்துக்குச் சாய்ந்த கோணம் என்று படித்ததை நினைத்துக் கமராவைச் சாய்த்தால் என்ன ஆகும்? ஒரு பக்கம் சாய்த்தால் கோபுரம் நேராகிக் கடல் சரியும். மறுபக்கம் சாய்த்தால் எல்லாமே சரிந்து, கோபுரத்தின் சரிவு கமராவின் சேட்டைபோல ஆகிவிடும். கடலின் கோட்டைச் சட்டகத்தில் மட்டமாக வைத்தால் மட்டுமே, நேராக இருக்க வேண்டிய ஒன்று சரிந்து நிற்கிறது என்பது தெரியும். கமரா அமைதியாக இருப்பதால் பார்க்கிறவரின் வயிற்றில் ஏதோ புரள்கிறது. உலகமே சரிந்திருக்கும் இடத்தில் பார்க்கிறவர் நேராக நிற்க வேண்டியிருக்கிறது.

நகரத்திலிருந்து வடக்கே, வாவியை ஒட்டி, அமிர்தகழி. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குச் சனம் திரளும் மாமாங்கேஸ்வரர் ஆலயம் அங்கேதான். தமிழ்ச் சினிமாவில் இயற்கை வெளிச்சத்தைப் பற்றி யார் பேசினாலும் முதலில் வந்து நிற்கும் பெயரான பாலு மகேந்திரா 1939இல் பிறந்ததும் இந்த அமிர்தகழியில்தான். படித்தது நகரத்தின் புனித மிக்கேல் கல்லூரியில். டேவிட் லீன் இலங்கையில் ‘தி பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்தை எடுத்துக்கொண்டிருந்ததைப் பாடசாலைச் சுற்றுலாவில் பார்த்ததே தன்னைச் சினிமாவுக்கு இழுத்தது என்று பின்னாளில் சொல்லி வந்தார். பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து 1969இல் வெளியே வந்தார், ‘மூன்றாம் பிறை’க்கு (1982) ஒளிப்பதிவுக்கான தேசிய விருது பெற்றார், சென்னையில் ‘சினிமாப் பட்டறை’ நடத்தி மாணவர்களுக்குக் கற்பித்து, 2014 பெப்ரவரியில் காலமானார். அவர் இயக்கிய முழுநீளப் படங்கள் எதற்கும் இந்த வாவி கதைக்களமாகவில்லை. அது இந்த ஊருக்கு ஒரு நட்டம் என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் பார்த்த விதத்தில் இந்த ஊருக்குப் பங்கில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. ‘வீடு’ (1988) படத்தில் சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, இன்னும் கட்டி முடியாத வீட்டைப் பார்க்க வருகிறார். பூசாத சுவரைத் தொட்டுத் தடவிக்கொண்டு அறை அறையாக நடக்கிறார். அந்தக் கிழவர் மகிழ்கிறார் என்று சொல்ல அங்கே வசனம் தேவைப்படவில்லை. மனித உயரத்தில், அவர் நடைக்கு ஏற்ற பொறுமையோடு, அவரைப் பார்த்தபடி இருக்கிற கமரா போதுமாக இருக்கிறது. ‘மூன்றாம் பிறை’யின் கடைசியில் ரயில் புறப்படும்போது கதாநாயகனுடைய தவிப்பு நமக்குத் தெரிகிறது, பெட்டியின் ஜன்னலிலிருந்து பார்க்கிற கதாநாயகிக்கோ அவன் ஒரு பைத்தியக்காரன். இரண்டு பார்வைகளுக்கும் நடுவே இருக்கும் தூரத்தில்தான் அந்தக் காட்சி நம்மை அறுக்கிறது. நடிப்பையும் மழையையும் பற்றியே பேசிப் பழகியிருக்கிறோம். யார் எங்கிருந்து பார்க்கிறார் என்ற ஏற்பாட்டைப் பற்றிப் பேசுவது குறைவு.

வெளிச்சத்துக்கு இந்த இடம் போடும் கட்டுப்பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு வட அகலக்கோடு 8 பாகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறி, செங்குத்தாகவே இறங்கும். அடிவானத்திலிருந்து ஆறு பாகை உயர ஏறத்தாழ 25 நிமிடம் போதும். வட ஐரோப்பாவில் மணிக்கணக்கில் நீளக்கூடிய அந்த இளவெயில் இங்கே தேநீர் குடித்து முடிப்பதற்குள் போய்விடும். உச்சி வெயிலில் புருவத்தின் நிழல் கண்ணை மூடிவிடும். கண் தெரியாத முகத்தில் உணர்ச்சியைத் தேடுவது வீண். ஆனால் காலையிலும் மாலையிலும், சூரியன் தாழ்ந்திருக்கும்போது, வாவி ஓர் உதவி செய்கிறது: தண்ணீரில் பட்ட வெளிச்சம் கீழிருந்து திரும்பி வந்து, தோணியில் இருப்பவரின் தாடைக்கும் கன்னத்துக்கும் கண்குழிக்கும் பரவுகிறது. சத்யஜித் ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா ‘அபராஜிதோ’வுக்காக (1956) ஸ்டூடியோவில் துணியில் வெளிச்சத்தை அடித்துத் திருப்பி உண்டாக்கிய மென்மைக்கு இது உறவு. இங்கே செலவில்லை, ஆனால் நேரம் குறைவு. கைத்தொலைபேசி தானாக அளவு பார்த்தால் பின்னால் மின்னும் தண்ணீரைப் பார்த்துப் பயந்து, கறுத்த முகத்தை மேலும் இருட்டாக்கிவிடும். திரையில் முகத்தைத் தொட்டு, அந்த அளவைப் பூட்டி வைக்க வேண்டும். தண்ணீர் வெளுத்துப் போனால் போகட்டும். இந்தச் சிறு முடிவில்தான் மீனவர் அலங்காரமாகிறாரா ஆளாகிறாரா என்பது இருக்கிறது.

வீச்சுவலை வீசுகிறவரை அருகிலிருந்து பார்த்தால் பாலத்திலிருந்து தெரியாத எத்தனையோ தெரியும். வாவி பல இடங்களில் ஆழம் குறைந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றே வீசுவார்கள். வலையின் ஒரு பகுதியை முன்கையில் மடித்துப் போட்டு, ஈயக்குண்டு கோர்த்த ஓரத்தில் ஓரிடத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, மிச்சத்தை மறுகையில் அள்ளி வைத்திருப்பார். பிறகு ஒன்றும் செய்யாமல் நிற்பார். தண்ணீரின் மேல்தோலில் ஏதோ ஒரு சுளிப்புக்காகக் காத்திருக்கிற அந்த நேரம், பல்லில் வலை இருப்பதால் வாய் இறுகி, கண் மட்டும் அசையும். வீசிய பின்னர் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும்போது, வலை மேலே வருமுன்பே விரல்களுக்குத் தெரிந்துவிடும், பாரம் உண்டா இல்லையா என்று. முகம் அதற்குப் பிறகுதான் மாறும். சில வேளை மாறவே மாறாது. உலகம் முழுக்கப் படமெடுக்கிறவர்கள் வலை காற்றில் வட்டமாக விரியும் அரைநொடியைத் துரத்துகிறார்கள்; அதில் அழகு உண்டு, உணர்ச்சி இல்லை. உணர்ச்சி இருப்பது அதற்கு முன்னும் பின்னும். அதைப் பெறக் கமரா தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, அவருக்குப் பக்கவாட்டில், முகமும் கையும் ஒரே சட்டகத்தில் வரும் தூரத்தில் இருக்க வேண்டும். இந்த வாவியில் மீன் பாடும் என்பார்கள். அதைக் கேட்கிற பழைய வழக்கத்திலும் பக்கவாட்டுத்தான் சரியான கோணம்: நிலவு காலத்தில் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். அந்த முகத்தை முன்னால் நின்று எடுத்தால் அது கமராவைப் பார்க்கும் முகமாகிவிடும். பக்கத்திலிருந்து எடுத்தால் கேட்கிற முகம்.

தெற்கே கல்முனை வீதியில் போய்க் குருக்கள்மடத்தில் இறங்கினால் அம்பிளாந்துறைக்குப் பாதை ஓடுகிறது. ‘பாதை’ என்று இந்தப் பக்கத்தில் சொல்வது ஆளையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற தட்டையான படகை. மண்முனையிலும் முன்பு பாதைதான். 2014இல் யப்பான் உதவியோடு கட்டிய பாலம் வந்த பிறகு கொக்கட்டிச்சோலைக்கு வாகனத்திலேயே போய்விடலாம். அது மக்களுக்குப் பெரிய விடுதலை. ஆனால் சினிமா கற்கிற மாணவர் பாதையில் ஒரு தடவையாவது கமராவோடு ஏற வேண்டும். தண்டவாளமும் தள்ளுவண்டியும் வாங்க வழியில்லாதவருக்கு நகரும் ஷொட்டை ஆட்டமில்லாமல் தருகிற வசதி அது. கரையில் ஒருவரை நிற்கவைத்து, பாதை விலகும்போது அவரை விடாமல் எடுத்தால், அவர் மெல்ல மெல்லச் சிறுத்து, கரையின் ஒரு மரத்தளவாகி, பிறகு கரையோடு கலந்துவிடுவார். கமராவின் ஸூம் இதைச் செய்யாது. ஸூம் படத்தைச் சுருக்கும், தூரத்தை உண்டாக்காது. இங்கே நடுவில் உண்மையான தண்ணீர் பெருகுகிறது. பிரிவைக் காட்ட இதைவிட நேர்மையான ஷொட் கிடைப்பது அரிது. அதே பாதையில் மறுபக்கம் திரும்பி, நெருங்கி வரும் கரையை எடுத்தால் எதிர்பார்ப்பு. இரண்டிலும் கோணம் ஒன்றே, உயரமும் ஒன்றே. மாறியது எந்தக் கரையைப் பார்க்கிறோம் என்பது மட்டும்.

இந்த இரண்டு கரையிலும் துயரத்தைப் படமெடுப்பது பற்றிப் பேசாமல் உணர்ச்சியைப் பற்றிப் பேச முடியாது. கொக்கட்டிச்சோலையில் 1987இலும் 1991இலும் நடந்த கொலைகள், 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டது, அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் நடந்த படுகொலை, இவையெல்லாம் தமிழரும் முஸ்லிம்களுமாக ஒவ்வொரு ஊரிலும் இன்னும் உயிரோடிருக்கும் உறவினர்களின் நினைவு. அதன் பிறகு சுனாமி. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் படத்தைக் கையில் பிடித்தபடி எத்தனை கமராவுக்கு முன்னால் நின்றுவிட்டார்கள். உணர்ச்சிக்கு அண்மைக்காட்சி என்று படித்த மாணவர் அந்த முகத்தை நோக்கி ஸூம் செய்கிறபோது, கண்ணீர் சட்டகத்தை நிறைக்கும். அந்தத் தாய் எங்கே இருக்கிறார், யாரோடு இருக்கிறார் என்பது வெளியே தள்ளப்படும். 1961இல் பிரெஞ்சு விமர்சகர் ஜாக் ரிவெட், பொண்டெகோர்வோவின் ‘காபோ’ படத்தில் முள்வேலியில் மாண்டு தொங்கும் பெண்ணை நோக்கிக் கமரா நகர்ந்து, உயர்ந்த கை சட்டகத்தின் ஓரத்தில் அழகாக அமையும்படி கீழ்க்கோணத்தில் நின்றதைப் பார்த்து, அந்த ஒரு நகர்வுக்காகவே இயக்குநரை வெறுப்போடு கண்டித்தார். அது நடிப்பு, படமும் கற்பனை. அதற்கே அவ்வளவு கோபம் வந்ததென்றால், நிஜத் தாயின் முகத்துக்கு நாம் எவ்வளவு யோசிக்க வேண்டும்.

அப்படியானால் டிரையரின் ‘த பஷன் ஒஃப் ஜோன் ஒஃப் ஆர்க்’ (1928)? படம் முழுக்க முகம்தானே, உலகம் அதைக் கொண்டாடவில்லையா என்று கேட்கலாம். கொண்டாடியது சரிதான். ஆனால் அங்கே ஜோனாக நடித்த ஃபல்கொனெட்டியின் முகம் தனியாக இல்லை. விசாரிக்கிறவர்களின் முகங்களும் அதே நெருக்கத்தில், அவளைச் சூழ்ந்து வருகின்றன. அவள் அழுவதோடு யார் அழவைக்கிறார் என்பதும் அண்மைக்காட்சியிலேயே இருக்கிறது. இங்கே எடுக்கப்படும் அண்மைக்காட்சிகளில் அழுகிறவர் மட்டும் இருப்பார், மறுபக்கம் காலி. மாணவர்கள் அண்மைக்காட்சியைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதைக் கடைசியாக எடுக்கட்டும். முதலில் பக்கத்தில் இருந்து கதைக்கட்டும். தோளுக்குப் பின்னாலிருந்து, அவர் கையில் இருக்கிற படத்தை அவர் பார்க்கிறபடி எடுக்கலாம். மடியில் இருக்கும் விரல்களை எடுக்கலாம். அவர் தினமும் பார்த்திருக்கிற வாசலை அவர் இருக்கும் உயரத்திலிருந்து எடுக்கலாம். இவ்வளவுக்குப் பிறகு அவரே முகத்தைத் திருப்பினால் அந்த அண்மைக்காட்சி அவர் கொடுத்தது.

ட்ரோனைப் பற்றி ஒரு வார்த்தை. அனுமதி எடுத்துப் பறக்கவிட்டால், பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்கு மேலிருந்து முகத்துவாரத்தையும், கடலும் வாவியும் இருபுறமும் நெருக்குகிற ஒடுங்கிய நிலத்தையும் ஒரே பார்வையில் காட்டும். சுனாமி ஏன் நாவலடியில் யாரையும் ஓடவிடவில்லை என்பதை ஒரு நொடியில் புரியவைக்கிற ஷொட் அது. அந்தக் காரணத்துக்காக வைத்தால் வரவேற்பேன். மற்றபடி மேலிருந்து பார்க்கும்போது எல்லாக் கிராமமும் பசுமை, எல்லா வறுமையும் கோலம்.

படுவான்கரைக் கிராமங்களில் கூத்துப் பழகும் காலம் வந்துவிட்டால் மத்தளச் சத்தம் இரவெல்லாம் கேட்கும். சினிமா மாணவருக்கு நான் சொல்ல வந்ததன் முழு உருவம் அங்கே இருக்கிறது. கூத்து ஆடும் வட்டமான களமான வட்டக்களரிக்கு முன்பக்கம் கிடையாது. சுற்றிவரச் சனம் பாயில் இருக்கும்; கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தோடு நடுவில்; கூத்தர் ஒரு பாட்டை ஒரு பக்கம் பாடி, ஆடி நகர்ந்து, அடுத்த பக்கத்துக்குப் போவார். பார்க்கிற ஒவ்வொருவருக்கும் கொஞ்ச நேரம் முகம், கொஞ்ச நேரம் முதுகு. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்தக் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது, அதில் ஆடிய இளைஞர்களில் ஒருவரான சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பிலேயே அந்த முயற்சியைத் தொடர்ந்தார். மேடை ஒருபக்கமாகியது, நேரம் சுருங்கியது, நகரத்துச் சபைக்குக் கூத்தின் பெருமை தெரிந்தது. மறுபுறம், சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் சீலாமுனையில் கிராமத்து மக்களோடு செய்த கூத்து மீளுருவாக்கம், களரியையும் ஆடுகிறவர்களின் உரிமையையும் விட்டுவிடாமல் கூத்தைப் புதுப்பிக்கலாம் என்று காட்டியது. இந்த விவாதத்தில் எந்தப் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. சட்டகம் போட்டால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று இந்த மண் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக யோசித்து வைத்திருக்கிறது. சினிமா மாணவர் அதை வெளிநாட்டுப் பாடநூலில் தேட வேண்டியதில்லை.

கூத்து மிகைப்படுத்திய கலை, உடுப்பும் குரலும் அத்தனை பெரிது, அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் ஏன் அடக்கமான கமராவைத் தேட வேண்டும் என்று இங்கே ஒருவர் கேட்கக்கூடும். கூத்தின் மிகை ஆடுகிறவருடையது. பார்க்கிறவர் பாயை விட்டு எழுந்து ஓடித் திரிவதில்லை. களத்தில் மகனை இழந்த தகப்பன் புலம்பும் பாட்டில், முகத்தைவிடக் காலில்தான் துயரம் தெரியும். அதுவரை துள்ளிய தாளக்கட்டு தளர்ந்து, வடமோடிக் கூத்தின் பாரமான கரப்புடுப்பை இழுத்துக்கொண்டு அவர் வட்டத்தைச் சுற்றுவார். கூத்தை எடுக்கிற காணொளிகள் அப்போது முகத்துக்குப் பாய்ந்து காலை வெட்டிவிடுகின்றன. வந்தாறுமூலையிலோ கல்லடியிலோ ஒரு வகுப்பு இதைச் சோதித்துப் பார்க்கலாம். நான்கு மாணவர் களரியின் நான்கு பக்கத்திலும் பாயில் இருக்கட்டும். கைத்தொலைபேசியைத் தங்கள் கண் உயரத்தில் ஊன்றி, கால் முதல் தலை வரை தெரியும் அளவில் வைத்து, ஸூம் செய்யாமல், எழுந்திருக்காமல் அந்த ஒரு பாட்டை முழுவதும் எடுக்கட்டும். மறுநாள் நான்கையும் சேர்ந்திருந்து பார்த்து, புலம்பலின் கடைசி வரியில் தகப்பனின் முகம் கிடைத்த படம் எது, முதுகு கிடைத்த படம் எது, எதில் தொண்டை அடைத்தது என்று ஆளாளுக்கு எழுதட்டும். பதில் நான்கு பேருக்கும் ஒன்றாக இருக்காது என்பதுதான் என் எதிர்பார்ப்பு. கோணத்தைப் பற்றிய வகுப்பை அந்த நான்கு தாள்களிலிருந்து தொடங்கலாம்.